பஞ்சக்காவின் கோணல் தாடை

பல் டாக்டருக்குப் பஞ்சு எடுத்துக் கொடுக்க வந்தவள், பஞ்சக்கா என்றே ஆகிப்போனாள். வீட்டில் புருஷன் படுத்த படுக்கை. வேலையை விட்டால் அடுப்பு எரியாது.

தாடை அசைவை அளக்கும் மெஷினுக்கு யானை விலை குதிரை விலை சொன்னார்கள் என்று, டாக்டர் ஒரு செல்போனை ஸ்டாண்டில் மாட்டினார். மூக்கு நுனியில் ஒன்று, முகவாயில் ஒன்று, சின்னதாகக் கறுப்பு ஸ்டிக்கர். வாயைத் திறந்து மூடினால் போதும், வீடியோவைப் பார்த்துக் கம்ப்யூட்டர் கோடு போட்டுவிடும். முதல் சோதனைக்குப் பஞ்சக்காதான் அகப்பட்டாள். கோடு நேராக இறங்காமல் இடப்பக்கம் வளைந்தது.

"அடடா, இப்படி ஒரு கோணலைத்தான் தேடிட்டிருந்தேன்!" என்று டாக்டர் துள்ளிக் குதித்தார். சோற்றை ஏன் இத்தனை வருஷமாக ஒரு பக்கமாகவே மெல்கிறோம் என்பது அவளுக்கு அன்றுதான் புரிந்தது.

அதன்பிறகு வெளியிலிருந்து எந்த டாக்டர் இந்த செல்போன் வித்தையைப் பார்க்க வந்தாலும் நாற்காலியில் அவள்தான். திறந்து மூடித் திறந்து மூடி, சாயங்காலம் காதுவரை வலி பின்னியெடுத்தது. ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "டாக்டர், எனக்கும் வைத்தியம் பாத்துடலாமா?"

"பாக்கலாம்மா, என்ன அவசரம்? இப்பவே சரியாயிட்டா வர்றவங்களுக்கு நான் எதைக் காட்டுறது?"

நியாயமான கேள்விதான்! மறுநாளே நாலு பேர் வந்தார்கள். பஞ்சக்கா ஸ்டிக்கரைத் தானே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம் பெருசாத் திறங்க," என்றார் டாக்டர்.

திறந்தாள். கோடு முன்னைவிட அதிகமாகவே வளைந்தது. வந்தவர்கள் கைதட்டினார்கள்.