நிற்கப் பழகிய கால்

என் இடது கணுக்காலுக்குச் சற்று மேலே ஒரு புண் இருக்கிறது. முதலில் தோல் கறுத்தது, பிறகு அரித்தது, ஒரு நாள் செருப்பு வார் உரசி உடைந்தது. அதற்குப் பிறகு ஆறவே இல்லை. திண்டிவனத்தில் பார்த்த டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்ன வேலை என்று கேட்டார். ஜவுளிக்கடை என்றேன்.

“நின்னு நின்னு நரம்பு சுருட்டிக்கிச்சும்மா. நடுநடுவுல உக்காரு. உக்காந்தாதான் ஆறும். இல்லன்னா காலே கெட்டுப் போயிடும்” என்றார்.

இவ்வளவுதான் வைத்தியம். மருந்துக்கடைக்குப் போக வேண்டியதில்லை, பத்தியம் இல்லை. ஒரு மனுஷி உட்கார வேண்டும். கைக்குழந்தைகூடச் செய்கிற காரியம். எனக்கு அது முடியவில்லை.

விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் காட்டன் புடவைப் பிரிவில் இருக்கிறேன். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ். அதில் மட்டும் உட்காருவேன், டிக்கெட் வாங்கியிருக்கிறேன் அல்லவா. கடைக்குள் நுழைந்தால் ஷட்டர் இறங்கும்வரை நிற்பதுதான். எங்கள் மாதிரி பெண்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது, முதலாளி மறுபேச்சுப் பேசாமல் நீலநிற ஸ்டூல்களை வாங்கிப் போட்டார். சூப்பர்வைசர் எங்களைக் கூப்பிட்டு, “கஸ்டமர் இல்லாத நேரத்துல உக்காந்துக்கங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றார். நல்ல மனுஷன், மனசாரத்தான் சொன்னார்.

“பரவால்ல சார்” என்றோம் எல்லோரும்.

ஒரு வாரத்துக்குள் ஸ்டூல்களின் மேல் புடவைப் பெட்டிகள் உட்கார்ந்துவிட்டன. எங்கள் சாப்பாட்டுப் பைகள் உட்கார்ந்தன. நாங்கள் பக்கத்தில் நின்றோம். டாக்டர் சொன்ன மறுநாள் நான் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். காலில் ரத்தம் இறங்குவது நின்று என்ன சுகமாக இருந்தது தெரியுமா! ஆனால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மாடிப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டதும் நான் நின்றுகொண்டிருந்தேன். எழுந்ததே எனக்குத் தெரியாது. வந்தது குடிதண்ணீர் கேன் போடுகிறவர்.

பக்கத்துப் பிரிவில் கண்டமங்கலத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். “எனக்கும் அப்படித்தான்க்கா. குந்தினா எதையோ திருடிட்ட மாதிரி இருக்குது” என்றாள்.

எங்கே கற்றுக்கொண்டேன் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. எங்களுக்கு நிலம் கிடையாது. ஊரில் இருந்த நிலத்தில் பெரும்பகுதி ஒரே குடும்பத்துடையது. அம்மா அங்கேதான் நடவு, களை எல்லாம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் பருவத்தில் பள்ளிக்கூடம் விட்டதும் நானும் போவேன். பிடுங்கிப் போட்ட செடியைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் காய் ஆய்ந்துகொண்டிருப்பார்கள். ஏரிக்கரைப் பக்கம் நிலத்துக்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும். ஆள் கண்ணுக்குத் தெரிய இன்னும் நேரமாகும். அதற்குள் அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள். மடியில் சேர்த்து வைத்திருந்த மல்லாட்டை எல்லாம் பொலபொலவென்று மண்ணில் கொட்டும். அவர் வருவார், வரப்பிலேயே நின்று பார்ப்பார், போய்விடுவார். பிறகு உட்கார்ந்து கொட்டியதைப் பொறுக்குவோம்.

ஒரு நாள் நான் எழவில்லை. எதிர்ப்பு, கிதிர்ப்பு ஒன்றுமில்லை, காய் ஆய்கிற மும்முரம். அம்மா குனிந்து என் மேல்கையின் உள்பக்கத்தில், சதை மெத்தென்று இருக்கும் இடத்தில், கிள்ளினாள். “எழுந்திருடி” என்றாள். உதடு அசையாமல் சொன்னாள். வலியில் எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில், “அவரு எழுந்திருக்கச் சொன்னாராம்மா?” என்று கேட்டேன்.

“சொல்லணுமா? சொல்ற வரைக்கும் குந்திக்கினு இருந்தா நாம இன்னா மனுசங்க?” என்றாள் அம்மா.

அவர் ஒரு நாளும் எங்களை எழச் சொன்னதில்லை, சூப்பர்வைசர் ஒரு நாளும் உட்காராதே என்று சொன்னதில்லை. யாராவது சொல்லித் தொலைத்திருந்தால் எதிர்த்தாவது பேசியிருப்பேன். நிலத்துக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன்கள் நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டார்கள். அம்மா மட்டும் இன்னும் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு எழுகிறாள். போன மாதம் என் மகளுக்குச் செல்போன் கவர் கொண்டுவந்த கூரியர்காரருக்காகச் சோற்றுத் தட்டோடு எழுந்து நின்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், “உக்காரும்மா, அவரு மெரண்டுடப் போறாரு” என்று கத்தினேன்.

என் மகள் விழுப்புரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். அவள் பிறந்தபோதே ஒன்று முடிவு செய்தேன். இந்தப் பழக்கம் என்னோடு போகட்டும். அவளை ஒருமுறைகூட யாருக்காகவும் எழச் சொன்னதில்லை. ஓட்டுக் கேட்டு ஊர்ப் பெரிய தலைகள் வீட்டுக்குள் வந்தபோது நாற்காலியில் கால்மேல் கால் போட்டபடியே “வாங்க” என்றாள். அம்மா பதறிப்போய் முந்தானையை இழுத்துக்கொண்டு சுவர் ஓரம் நின்றாள். நானும்தான் நின்றேன். ஆனால் என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. படிப்பு, வேலை எல்லாம் கிடைத்தாலும் கிடைக்கலாம், போனாலும் போகலாம். இவள் உட்கார்ந்திருக்கிறாள், அதுபோதும் என்று நினைத்தேன்.

புண் ஆறவில்லை. அகலமாகி, நாற்றம் வந்து, கடையில் பக்கத்தில் நிற்கிறவர்கள் மூக்கைச் சுளிக்கும் நிலை வந்ததும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். தொடையிலிருந்து தோல் எடுத்துப் புண்ணின் மேல் ஒட்டினார்கள். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, “நான் சொல்ற வரைக்கும் இந்தக் காலைத் தரையில வைக்கக் கூடாது. ஒட்டின தோலு நகர்ந்துட்டா எல்லாம் வீண்” என்று நர்ஸ் சொன்னாள். அவளுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். சரிங்க என்றேன்.

மறுநாள் காலை பெரிய டாக்டரம்மா சுற்றிலும் ஆட்களோடு வார்டுக்குள் வந்தார். பிறகு நடந்ததை எனக்கே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வார்டு முழுக்க நர்ஸின் அலறல் கேட்டது. அவள் என்னை நோக்கி ஓடி வந்தாள். அப்போதுதான் பார்த்தேன். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தேன். கட்டுத்துணி சிவந்து, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

“யாரும்மா உன்னை எழச் சொன்னது?” என்றார் டாக்டரம்மா.

யாரும் சொல்லவில்லை. அதைத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அழுதேன். வலிக்கு அழுகிறேன் என்று நினைத்து ஊசி போட்டார்கள்.

இன்னொரு முறை தோல் எடுத்து ஒட்டினார்கள். இதுவும் போனால் மறுபடி ஒட்ட முடியாது, காலை எடுப்பதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்தபடியே படுத்திருந்தேன். தூங்கும்போதும் விடவில்லை.

நேற்று முன்தினம் சாயங்காலம், பார்வையாளர் நேரம். அம்மா தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். கல்லூரி முடிந்து வந்த மகள், கட்டிலை ஒட்டி ஸ்டூலில் உட்கார்ந்து செல்போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் டாக்டரம்மா வந்துவிட்டார். அம்மா முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். என் உடம்பு முழுக்க எழத் துடித்தது. கம்பியை இறுக்கிப் பிடித்தேன், பல்லைக் கடித்தேன். எழவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் எதிரே வர, நான் படுத்த இடத்திலேயே படுத்திருந்தேன்.

டாக்டரம்மா குனிந்து கட்டுத்துணியை விலக்கிப் பார்த்தார். “பிடிச்சிருக்கு, நல்லா பிடிச்சிருக்கு” என்றார். மகள் ஸ்டூலில் இருந்தபடியே நிமிர்ந்து, “தேங்க்ஸ் மேடம்” என்று சிரித்தாள்.

கம்பியிலிருந்து என் கை விலகியது. அது அவள் மேல்கையின் உள்பக்கத்துக்குப் போனது. கிள்ளினேன்.

“எழுந்திருடி” என்றேன். என் உதடு அசையவில்லை.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, மெதுவாக எழுந்து நின்றாள். டாக்டரம்மா, “நீ ஏம்மா எழுந்த, உக்காரு” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அம்மா திரும்பவும் பாயில் உட்கார்ந்தாள்.

மகள் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். ஸ்டூல் அவளுக்குப் பின்னால் காலியாக இருந்தது.

“உக்காரும்மா கண்ணு” என்றேன்.

“பரவால்லம்மா” என்றாள்.