அமெரிக்க மாமாவைச் சாய்த்த உதை

மூன்று வயதுக் குழந்தையின் ஓர் உதை, வாட்டசாட்டமான ஒரு மனிதரைத் தரையில் சாய்த்துவிடுமா? நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலில், உறவினர் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க அப்படித்தான் நடந்தது. உதைத்தவன் என் தம்பி. சாய்ந்தவர், அவனுடைய காதுகுத்துக்காகவே அமெரிக்காவிலிருந்து வந்திருந்த எங்கள் தாய்மாமன். ஏன் சாய்ந்தார் என்பதற்கு அன்று கோயிலில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவற்றுள் ஒன்றுகூடச் சரியில்லை.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. அவர் பொறியியல் படித்த காலம் முழுவதும் அம்மாவின் பட்டாசுக் கூலிதான் அவரைப் படிக்க வைத்தது. படிப்பு முடிந்து சென்னைக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனார். அவர் போன பிறகு ஆமத்தூரில் எங்கள் வீட்டுக்குத் தனிப் பெயரே வந்துவிட்டது. கேபிள் டிவிக்காரர் முதல் தண்ணீர் லாரிக்காரர் வரை, 'அமெரிக்காக்காரர் அக்கா வீடு' என்றுதான் வழி கேட்பார்கள். அந்தப் பெயரைச் சீருடையில் குத்திய பதக்கம்போல அணிந்துகொண்டு நான் பள்ளிக்கூடம் போய்வந்தேன்.

அம்மாவின் பெருமை என்னுடையதைப் போல வெளியே பேசுவதில்லை. ஆனால் அதற்கு வேர் ஆழம். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் அவள் வேலை செய்தாள். வேலையில் சுத்தம், பேச்சில் நியாயம் என்று பெயர் வாங்கியவள். கூலித் தகராறு வந்தாலும், லோடு ஏற்றும் நாளில் நேரத் தகராறு வந்தாலும், மற்றப் பெண்கள் முதலில் அம்மாவின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவள் சரி என்றால் சரி.

அந்த யூனிட்டில் ஒருநாள் போர்மேன், கூலியில் சிறிது பிடித்துக்கொண்டு தொழிலாளர் காப்பீட்டில் எல்லோரையும் சேர்க்கப்போவதாகச் சொன்னார். பெண்கள் தயங்கினார்கள். செய்த வேலைக்கு ஏற்பக் கூலி வாங்குகிறவர்களுக்குக் கையில் வருவது குறைவதென்றால் மனம் கேட்காது. அம்மா நேராகவே சொல்லிவிட்டாளாம்: "எனக்கு வேண்டாம் சார். என் தம்பி அமெரிக்காவுல இருக்கான். ஒன்னுன்னா அவன் பாத்துக்கிடுவான்." அமெரிக்காவில் தம்பி இல்லாத பெண்களும் அவளைப் பார்த்துத் தங்களுக்கும் வேண்டாம் என்றார்கள். ஒருவருடைய சொல்லுக்கு மதிப்பு இருப்பதிலுள்ள ஆபத்து இதுதான். அவருடைய தவறும் அதே வேகத்தில் பரவும்.

மாசி மாதத்தில் மாமா வந்து இறங்கினார். வந்தவர் மெலிந்திருந்தார். அதை அமெரிக்க நாகரிகம் என்று எடுத்துக்கொண்டோம். அப்பா அவரை விருதுநகருக்கு அழைத்துப்போய் எண்ணெய்ப் புரோட்டா வாங்கித்தர நாள்தோறும் அழைத்தார். மாமா நாள்தோறும் ஒரு சாக்குச் சொன்னார். காதுகுத்துக்கு முந்தைய நாள் மாலை அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"என்ன மாப்ள, அமெரிக்கா போயி நாக்குச் செத்துப் போச்சா? புரோட்டான்னா பேயக் கண்ட மாதிரி ஓடுறீக!"

"இல்ல மச்சான், வயிறு கொஞ்சம்..."

"வயித்துக்கு என்ன? நம்ம ஊரு எண்ணெய் உள்ள போனா எல்லாம் சரியாப் போயிரும். வாங்க."

மாமா போனார், சாப்பிட்டார். அப்பா வெற்றிபெற்ற முகத்துடன் திரும்பி வந்தார்.

மறுநாள் காலை கோயிலில் மொட்டை எடுத்து, சந்தனம் பூசி, தம்பியைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். காதுகுத்து என்றால் அந்த மடிதான் முக்கியம். வேறு யார் மடியில் வைத்துக் குத்தினாலும் எங்கள் பக்கம் அது செல்லாது. மாமாவின் நெற்றியில் வேர்வை அரும்பியிருந்ததை நான் பார்த்தேன். வெயிலுக்குப் பழக்கமில்லாதவர் என்று நினைத்துக்கொண்டேன். ஆசாரி ஒரு காதில் ஊசியை இறக்கினார். தம்பி அலறியபடி உடம்பை வில்லாக வளைத்து, இரண்டு கால்களையும் சேர்த்து மாமாவின் வயிற்றில் ஓங்கி உதைத்தான். மாமா ஒரு சத்தமும் இல்லாமல் பக்கவாட்டில் சாய்ந்தார். குழந்தையை மட்டும் கை தவறவிடவில்லை.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் அக்கா, என் அத்தை, கைதட்டியே சிரித்தாள்.

"ஏ, மருமகன் விட்ட உதையில மாமன் மல்லாந்துட்டாருப்பா! அமெரிக்கா உடம்பு அம்புட்டுத்தான் போல!"

"எந்திரிங்க மாப்ள, இன்னொரு காது பாக்கி கெடக்கு" என்றார் அப்பா.

மாமா எழவில்லை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அருகில் மண்டியிட்டு அவர் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏலே, எங்கன வலிக்குது?"

"ஒன்னுமில்லக்கா. வாயுவா இருக்கும்."

அம்மா அவருடைய வலது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து லேசாக அழுத்தினாள். மாமா போட்ட கூச்சலில் தம்பியே அழுகையை நிறுத்திவிட்டான்.

இன்னொரு காதை என்ன செய்வது என்று பெரியவர்கள் வாதாடத் தொடங்கினார்கள். ஊசியைக் கையில் பிடித்தபடி ஆசாரி காத்திருந்தார். அம்மா யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. கோயிலுக்கு எங்களை ஏற்றிவந்த வேனில் மாமாவைப் படுக்க வைத்தாள். பின்னாலேயே ஏறிவிட்ட என்னையும், மறுபடி அழத் தொடங்கிய தம்பியையும் அத்தையிடம் விடப் பார்த்தாள். நான் இறங்க மறுத்தேன். அம்மாவை விட்டு அவனும் இறங்க மாட்டேனென்றான். ஒற்றைக் காதில் கடுக்கனுடன் அவனும் வந்தான்.

வேன் ஆமத்தூரைக் கடந்ததும் ஓட்டுநர் கேட்டார்: "அண்ணாச்சி, விருதுநகரா, இல்ல மதுரையா?"

"மதுரைக்கே விடுங்க" என்றார் அப்பா. "நல்ல தனியார் ஆஸ்பத்திரியாப் பாப்போம். மாப்ளைக்கு அமெரிக்காவுல பெரிய இன்சூரன்ஸ் இருக்கும்."

மாமா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இன்சூரன்ஸ் இல்ல மச்சான்."

அம்மா ஓட்டுநரிடம், "விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க தம்பி" என்றாள்.

அரசு மருத்துவமனையில் எங்களிடம் பெயரும் வயதும் கேட்டார்கள். வலி எப்போதிருந்து என்று கேட்டார்கள். உடனே படுக்கையில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்கேன் அறையின் வாசலில் ஒரு வேடிக்கை நடந்தது. அம்மா செருப்பைக் கழற்றி, தலையிலிருந்த ஊசிகளை எடுத்து, கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, கதவு நிலையில் எதையோ தேடித் தடவினாள். வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் உடம்பிலுள்ள மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொடுவது அவர்கள் யூனிட்டில் வழக்கம். பதற்றத்தில் கை தானாக அதைத் தேடியிருக்கிறது.

"என்னம்மா தேடுறீங்க?" என்று செவிலியர் கேட்டார்.

"ஒன்னுமில்லம்மா. ஆபத்தான ரூம்புன்னா கை தானா போயிருது."

செவிலியர் சிரித்துவிட்டார். "சிவகாசிப் பக்கமா? இங்கன வெடிக்கிறதுக்கு ஒன்னும் இல்ல. தைரியமா வாங்க."

பித்தப்பையில் கற்கள். இந்த உதையால் வந்தவை அல்ல, நெடுநாளாக இருந்தவை. பித்தப்பை வீங்கிச் சீழ் பிடிக்கும் நிலைக்கு வந்திருந்தது. உதை விழாமல் இருந்திருந்தால் மாமா வலியை அடக்கிக்கொண்டு விருந்திலும் உட்கார்ந்திருப்பார் என்றும், அது வெடித்திருந்தால் உயிருக்கே வினையாகியிருக்கும் என்றும் மருத்துவர் சொன்னார். ஊசி மருந்து செலுத்தி வீக்கத்தைக் குறைத்தபின் அறுவை சிகிச்சை செய்தார்கள். எங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. அப்பா மருத்துவமனை வளாகம் முழுக்கத் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு, "என் மகன் காலுதான் கண்டுபிடிச்சிச்சு" என்று தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். புரோட்டாவைப் பற்றி எவரிடமும் சொல்லவில்லை.

மாமா எழுந்து உட்காரத் தொடங்கிய ஒரு பிற்பகலில், அம்மா கஞ்சியை ஆற்றிக் கொடுத்தபடி கேட்டாள்.

"எம்புட்டு நாளாலே இந்த வலி?"

"ஒரு வருசமா விட்டுவிட்டு வருதுக்கா."

"அங்கன ஆஸ்பத்திரியே இல்லையா?"

"இருக்கு. அரமன மாதிரி இருக்கு. உள்ள போறதுக்குத்தான் பயம்."

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். அங்கே பெரும்பாலானவர்களுக்குக் காப்பீடு வேலையோடு ஒட்டியது. மாமாவின் கம்பெனி ஆட்குறைப்புச் செய்தபோது வேலையோடு காப்பீடும் போனது. அடுத்துக் கிடைத்த வேலை ஒப்பந்த வேலை. அதில் காப்பீடு இல்லை. தானாக வாங்கலாம் என்றால் மாதத் தவணை வீட்டு வாடகையை நெருங்கியது. அதைக் கட்டினாலும் முதலில் ஒரு பெருந்தொகை வரை சிகிச்சைச் செலவு நம்முடையது. அதற்கு மேல்தான் அவர்களுடையது.

"அதென்னலே நியாயம்? காசு கட்டுனவன் கையிலயே திரும்பக் காசு கேப்பாகளா?"

"அப்படித்தாங்க்கா. எனக்கு மட்டுமில்ல. என்கூட வேல பாத்த வெள்ளைக்காரர் ஒருத்தர் வெரல் முறிஞ்சதுக்குக் குச்சி வச்சுத் தானே கட்டிக்கிட்டாரு. ஆஸ்பத்திரிப் பக்கமே போகல."

"வெள்ளைக்காரருக்குமா அந்தக் கதி?"

"அவருக்கும்தான். அந்த ஊர்லயே பொறந்தவரு."

அம்மாவால் அதை நம்ப முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. அந்த நாட்டின் பெயரைச் சொல்லித்தானே நான் பள்ளிக்கூடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

"விசேசம் முடிஞ்சதும் மதுரையில போயி பேசாமப் பாத்துக்கிரலாம்னு நெனச்சேன்" என்றார் மாமா. "அங்கன ஆஸ்பத்திரியில படுக்கிறதுக்கு டிக்கெட் எடுத்து இங்கன வாறது மலிவு. காதுகுத்துன்னு நீ கூப்புட்டதும் நல்ல சாக்கா அமைஞ்சிருச்சு."

அம்மா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவள் அடுத்துக் கேட்ட கேள்வியும் அதற்குக் கிடைத்த பதிலும் இன்றும் அதே குரலில் என் காதில் கேட்கின்றன.

"அப்ப எனக்கு ஒன்னு ஆயிருந்தா நீ எப்புடிலே பாத்திருப்ப?"

"தெரியலக்கா. எனக்கு ஒன்னுன்னா அக்கா இருக்கான்னுதான் நான் அங்கன தைரியமா இருந்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரிக்கத் தொடங்கினார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, சிரிக்க வைக்காத, தையல் பிரிஞ்சிரும்" என்று கெஞ்சினார். பக்கத்துப் படுக்கைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். பெரியவர்கள் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன். யாரோ நல்ல நகைச்சுவை சொல்லியிருக்கிறார்கள், எனக்குத்தான் பிடிபடவில்லை என்று நினைத்தேன்.

கடல் கடந்து வாழும் தம்பியைக் காப்பீடாக நம்பி அக்காவும், பட்டாசுத் தொழிலாளியான அக்காவைக் காப்பீடாக நம்பித் தம்பியும், உண்மையில் எந்தக் காப்பும் இல்லாமல் அத்தனை காலம் இருந்திருக்கிறார்கள் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. அம்மா சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்ததை, சிரிப்பில் வந்த நீர் என்றே எடுத்துக்கொண்டேன். சமூகப்பணி படித்து, தொழிலாளர் குடும்பங்களோடு வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பிற்பகலின் கனம் எனக்குத் தெரிந்தது. பெரியாஸ்பத்திரி உயிரைக் காப்பாற்றும். அதை அன்று கண்ணால் கண்டோம், இன்றும் அதைச் சொல்ல எனக்குப் பெருமைதான். ஆனால் தீக்காயத்தோடு படுத்திருக்கும் நாட்களுக்கு அது கூலி தராது. வேலையில் உயிர் போனால் பிள்ளைகளுக்கு மாதாமாதம் பணம் அனுப்பாது. அதற்குத்தான் அந்தச் சிறிய பிடித்தம். வெடிமருந்தோடு புழங்குகிற பெண்கள் அதை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள், என் அம்மாவை நம்பி.

மாமா நலமாகி வீடு திரும்பியதும் அம்மா வேலைக்குப் போனாள். அன்று நடந்ததை அவளோடு வேலை செய்த ஒரு சித்தி எனக்குப் பின்னாளில் சொன்னார். அம்மா நேராகப் போர்மேனிடம் சென்று தன் பெயரைக் காப்பீட்டில் சேர்க்கச் சொன்னாளாம்.

"என்னக்கா, அமெரிக்காத் தம்பி கைவிட்டுட்டாரா?" என்று அவர் கேலி செய்தார்.

"அவன் தம்பியா இருக்கட்டும் சார். ஆஸ்பத்திரியாவும் அவனே இருக்கணும்னா பாவம், எம்புட்டுத்தான் தாங்குவான்?"

பகல் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் பெண்கள் கூடியபோது, தான் சொன்னது தப்பு என்று அவர்கள் எல்லோர் முன்னும் சொல்லியிருக்கிறாள். அவர்கள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "அன்னைக்கு வேண்டாம்னீக, இன்னைக்கு வேணும்ங்கிறீக, எதைக் கேக்க?" என்று ஒருத்தி எரிந்து விழுந்தாளாம். அம்மா கோபப்படவில்லை. மறுநாளும் அதே மரத்தடியில் உட்கார்ந்து மறுபடி சொன்னாள். அதற்கு மறுநாளும் சொன்னாள்.

பங்குனி முடிவதற்குள் அந்த யூனிட்டில் அத்தனை பெண்களும் காப்பீட்டில் சேர்ந்திருந்தார்கள்.