சுண்ணாம்புச் சுவரில் ஒரு பல்லி

மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், எங்கள் குவார்ட்டர்ஸ் ஹாலுக்குத் தானே சுண்ணாம்பு அடித்தார் என் கணவர். பசை கலக்கச் சொன்னேன், கேட்டால்தானே! சுவரைத் தொட்டால் கையெல்லாம் வெள்ளை.

கம்மாபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து காபியைக் கையில் எடுத்த நேரம், சுவரிலிருந்து ஒரு பல்லி வழுக்கி, மாப்பிள்ளையுடைய அம்மாவின் உச்சந்தலையில் விழுந்தது.

“தலையில பல்லி வுழுந்தா ஆவாதுங்க” என்று அவர் எழுந்துவிட்டார்.

விலங்கியல் படித்த என் மகளிடம், வாயைத் திறக்காதே என்று காலையிலிருந்து படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

“சகுனமெல்லாம் இல்லீங்க அத்தை, சுண்ணாம்புதான். சருகுல நுழையுற அரணைக்குக் குட்டைக் கால். மரமேறுற ஓணானுக்குக் கூர் நகம். சுவத்துப் பல்லிக்கு விரலுக்கடியில கண்ணுக்குத் தெரியாத முடி. எத்தனையோ தலைமுறையா, வாழுற இடத்துக்கு ஏத்தாப்ல அமைஞ்ச காலு. மாவா உதிர்ற சுவத்துல அது எப்படிப் பிடிக்கும்?”

“பெரியவங்க பேசிக்கினு இருக்கசொல்ல இம்மாம் பேச்சா? எங்க வூட்டுக்கு இந்தப் பொண்ணு சரிப்படாதுங்க.”

போய்விட்டார்கள். சுண்ணாம்பு அடித்தவரைத் திட்டுவதா, பேசியவளைத் திட்டுவதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ பல்லியை ஓர் அட்டையில் ஏந்திப் போய் வாசல் வேப்பமரத்தில் விட்டாள். அது விறுவிறுவென்று ஏறியது.

அதைப் பார்த்ததும் திட்ட வாய் வரவில்லை. கால் பிடிக்காத சுவரில் அல்லவா அவளை ஒட்டவைக்கப் பார்த்தேன்!