இரண்டு மணி நேர மாப்பிள்ளை

கென்யாவின் மலைமேட்டில் இருக்கும் எங்கள் ஈட்டென் ஊரில், பாதி மாரத்தானை, அதாவது இருபத்தொரு கிலோமீட்டரை, ஒரு மணி நேரத்தில் முடிப்பவனைத்தான் ஓட்டக்காரன் என்போம். மூன்று நிமிடம் கூடினால் பையன் தேறிவிடுவான் என்போம். ஆறு நிமிடம் கூடினால் படிக்கப் போகச் சொல்வோம். எழுபது நிமிடம் ஆகிவிட்டால் வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரிப்போம். நான் அந்தக் காலத்தில் எழுபத்தாறு நிமிடத்தில் ஓடியவன். அதனால்தான் மைதானத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறேன்.

என் கடைக்கு வரும் பையன் கிமையோவுக்கு எழுபது நிமிடம். ஏழு வருடமாக அதே எழுபது. வெளியூர்களில் இந்த வேகத்துக்குக் கோப்பை கொடுத்துப் பேப்பரில் படம் போடுவார்களாம். இங்கே அவனைப் பால் வாங்க அனுப்புவார்கள், அதுவும் அவசரமில்லாத நாளில். இப்படிப்பட்டவன் ஜெலகாத்தை விரும்பினான். அவளும் ஓடுபவள். அவளுக்கு அறுபத்தெட்டு நிமிடம்.

பெண் கேட்கப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன். பெண்ணின் தாய்மாமன் செமிட்டெய் பெண்ணுக்குப் பரிசமாகத் தரும் மாட்டுக் கணக்கைக்கூடக் கேட்கவில்லை.

"பொண்ணு அறுபத்தெட்டு. பையன் எவ்வளவு?"

"எழுபது, மாமா."

செமிட்டெய் புளித்த பால் இருந்த சுரைக்குடுவையைக் கீழே வைத்துவிட்டார். "கோவிச்சுக்கிட்டு அவ ஓடிட்டா நீ எப்படிடா பிடிப்ப?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அடுத்த மாசம் ஊர்ப் பந்தயம் வருது. அறுபத்தெட்டுக்குள்ள வா, பேசலாம். இல்லன்னா இந்தப் பக்கமே வராத."

அங்கேதான் சிக்கல். வெளிநாட்டு ஓட்டக்காரர்களுக்கு விடுதி நடத்தும் வில்லமைன் என்ற அம்மாவுக்கு, அதே பந்தயத்தின் பாதி மாரத்தானில் வழிகாட்டியாக ஓடுவதாக அவன் முன்பே வாக்குக் கொடுத்திருந்தான். முதுகில் நேரம் எழுதிய கொடியைக் கட்டிக்கொண்டு, அந்த நேரத்துக்குச் சரியாக அவர்களைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கொடியில் இரண்டு மணி நேரம் என்று மட்டும் இருந்தது.

"பாதி மாரத்தானுக்கே உலகத்துல பாதிப் பேருக்கு ரெண்டு மணிக்கு மேல ஆகுமாம்ணே. புதுசா ஓடுறவங்களுக்கு ரெண்டரை, மூணு கூட ஆகுமாம்" என்று என்னிடம் வந்து சொன்னான். "கால்ல ஏதும் அடிபட்டிருக்குமோ?"

"இல்லடா. அவங்க ஊர்ல அப்படித்தானாம்."

"பாவம்ணே."

"பாவம் பாத்தா பொண்ணு போயிரும்டா மடையா."

"என்னை நம்பி ஒருத்தர் விமானம் ஏறிட்டாராம்ணே."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று அவனுக்கு டீ கொடுக்கவில்லை. அவனோ மெதுவாக ஓடக் கற்றுக்கொள்ள, தண்ணீர் சுமக்கும் கழுதைக்குப் பின்னால் ஓடினான். முதல் மூன்று நாளும் கழுதையை முந்திவிட்டு, திரும்பி வந்து அதனிடம் மன்னிப்புக் கேட்டான்.

இதற்கிடையில் செமிட்டெய் அந்தக் கொடியைப் பார்த்துவிட்டார். எங்கள் பந்தயத்தில் முழு மாரத்தானும் உண்டு. இரண்டு மணி என்றால் எங்கள் ஊர்க்காரன் புத்திக்கு முழு மாரத்தான்தான் எட்டும்; அதற்கு அது உலக சாதனை வேகம். வருங்கால மாப்பிள்ளை உலகத்தையே வாய்பிளக்க வைக்கப் போகிறான் என்று சந்தை முழுக்கச் சொல்லிவிட்டார்.

"மாமா, அது வந்து..."

"அடக்கமா இருக்கான் பாருங்க. இதான் எனக்குப் பிடிச்சது."

பந்தய நாளில் முடிவுக் கோட்டருகே ஊரே கூடியிருந்தது. இரண்டு மணி ஆகச் சில நொடி இருக்கும்போது கிமையோ வந்தான். நேராகப் பார்த்து ஓடவில்லை. பத்தடிக்கு ஒருமுறை பின்னால் திரும்பி, வாங்க வாங்க என்று கையசைத்துக்கொண்டே வந்தான். பின்னால் தக்காளி நிறத்தில் முப்பது முகங்கள். கோட்டைத் தாண்டியதும் அவர்கள் தரையில் விழுந்து அழுதார்கள். ஒரு வழுக்கைத் தலைக்காரர் கிமையோவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்றார்.

"முழுசுதானே ஓடின?" என்றார் செமிட்டெய்.

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அன்றைக்கே கல்யாணம்.

"பாதிதான் மாமா."

"உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப இவங்க ஏன் அழுவுறாங்க?"

"ரெண்டு மணிக்குள்ள வந்துட்டாங்க."

"ரெண்டு மணியா? பின்ன அழத்தான் செய்வாங்க." சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

ஜெலகாத் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் ஒரு காலை ஊன்றாமல் நின்றிருந்தாள். "இன்னிக்கி கடைசி ஏத்தத்துல எனக்குக் கால் பிடிச்சிருச்சு மாமா. உக்காந்துட்டேன். கூட ஓடுனவன்ல ஒருத்தன்கூடத் திரும்பிப் பாக்கல. இவன் வழி பூரா திரும்பிப் பாத்துக்கிட்டே வந்திருக்கான்."

செமிட்டெய் அவள் காலையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஊருக்கு முன்னால் சொன்ன சொல்லிலிருந்து அவரும் இறங்கி வர வேண்டும் அல்லவா.

"இன்னிக்கி உனக்கு எவ்வளவு ஆச்சு?"

"எழுபத்தொண்ணு."

"இவன் எப்பவும் எழுபது." அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "பையன் வேகமாத்தான் இருக்கான்."