வெள்ளிக்கிழமை மட்டும் காட்டிய வீடு

மாடிச் சுவரில் உப்பியிருந்த பெயிண்டைத் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தார் வாஹித் பாஷா. மேலிருந்து கீழே ஒரே இழுப்பு, அடுத்த இழுப்பு அதற்குப் பக்கத்தில். பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரியில் வயசெல்லாம் தோலில் ஒட்டிய சதையை வழித்த கை, சுவரையும் அப்படித்தான் வழித்தது. மாடியில் குடியிருந்த ஷர்மிளா இன்னும் பெட்டி கட்டி முடிக்கவில்லை. இவர் வேலையைத் தொடங்கிவிட்டார்.

ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததையெல்லாம் போட்டு மாடி கட்டினார். கீழே அவரும் மனைவி சுகரா பேகமும், மேலே குடித்தனக்காரர். அந்த வாடகைதான் இருவருக்கும் சாப்பாடு. ஆனால் மாடியில் யாரும் ஒரு வருஷம் தங்கியதில்லை. பாஷா தரைக்கு டைல்ஸ் போட்டார். வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தார். இந்துக் குடும்பங்கள் வாஸ்து பார்ப்பார்கள் என்று கேட்டை இடம் மாற்றினார். போனவர்கள் எல்லாரும் மரியாதையாகக் காரணம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் மூன்று குடும்பங்கள்.

பெங்களூரில் இருக்கும் மகன் நயீம் அகமது பொறுமை இழந்துவிட்டான். வீட்டை விற்றுவிட்டு அப்பாவும் அம்மாவும் தன்னிடம் வந்துவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை புரோக்கரோடு வருகிறேன் என்று சொல்லியிருந்தான்.

"அவன் வீட்ல ஹால்லதான் படுக்கணும் நர்சம்மா," என்றார் சுகரா பேகம். "சோபா பக்கத்துல. சோபாவுக்காவது கவர் போட்டு வெச்சிருக்கான்."

நான் அவர் காலில் இருந்த சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். வார்டில் ஆயுள் முழுக்கச் செய்த வேலை, ஓய்வுக்குப் பிறகும் தெருவுக்கு நாலு பேர் கூப்பிடுகிறார்கள்.

ஷர்மிளா சாவியோடு இறங்கி வந்தாள். காவேரிப்பாக்கத்துப் பெண், இங்கே வங்கியில் வேலை. பின்னாலேயே பாஷா, கையில் தகட்டோடு.

"ஏம்மா காலி பண்ற?"

"அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல அங்கிள். அட்வான்ஸ்..."

"சுவரு வேல முடியட்டும். கழிச்சுக்கிட்டுத் தர்றேன்."

"பாய், மொதல்ல பணத்தக் குடுங்க. அப்புறம் காரணம் கேளுங்க," என்றேன்.

"குடுத்துட்டா பொண்ணு போய்டும் நர்சம்மா. அப்புறம் யார்கிட்ட கேக்கறது?"

வார்டில் சாப்பாடு எப்படி என்று படுக்கையில் இருக்கும் நோயாளியைக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்பார். டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வந்த பிறகு கேட்டால்தான் சாம்பாரைப் பற்றிப் பேசுவார். வீடு வாடகைக்கு விடுகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அட்வான்ஸ் உங்கள் கையில் இருக்கும்வரை குடித்தனக்காரர் உங்களுக்குப் பிடித்ததைத்தான் சொல்வார்.

பாஷா முனகிக்கொண்டே பீரோவைத் திறந்து, பிடித்தம் இல்லாமல் கொடுத்தார். ஷர்மிளா பணத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"நாத்தம் அங்கிள்."

"இன்னா நாத்தம்? பாத்ரூமா?"

"பக்கத்து டேனரி. தோல் ஊறுற ட்ரம் தண்ணிய அவங்க வெளிய விட்டா எனக்கு சோறு எறங்கல."

"வீடு பாக்க வந்தப்போ ஒண்ணும் சொல்லலியே?"

"அப்போ நாத்தமே இல்லியே. நீங்க என்னை வெள்ளிக்கிழம வரச் சொன்னீங்க."

வெள்ளிக்கிழமை டேனரிக்கு விடுமுறை. பாஷா ஏமாற்ற நினைக்கவில்லை. நல்ல நாள் என்று நினைத்து, ஜும்மா தொழுகை முடிந்து வந்துதான் எப்போதும் வீட்டைக் காட்டுவார்.

ஷர்மிளா ஆட்டோ ஏறிய பிறகு பாஷா ஜன்னலில் நின்று நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார்.

"எனக்கு ஒண்ணும் வரலியே."

மூக்கில் கோளாறோ என்று ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். "இது?"

"ஸ்பிரிட்டு."

"அப்போ மூக்கு சரியாத்தான் இருக்கு பாய். வெளிய வர்றது தோல் நாத்தம்."

"அது நாத்தம் இல்ல நர்சம்மா, காத்து."

சுகரா பேகம் சிரித்தார். "கல்யாணமாகி வந்த மொத மாசம் எனக்கும் சோறு எறங்கல. யார்கிட்ட சொல்றது? எங்கிட்ட எவரு அட்வான்ஸ் வாங்கினாரு, திருப்பிக் குடுக்க?"

ஒழுகும் வீட்டை மழையில் காட்ட வேண்டும். தண்ணீர் வராத வீட்டைக் கோடையில் காட்ட வேண்டும். மோசமான நேரத்தில் பார்த்துவிட்டுச் சரி என்பவர்தான் தங்குவார். இதைச் சொல்லிவிட்டு, "டேனரியில வேல செய்றவங்களுக்கு விடுங்க பாய். அவங்களுக்குப் பழகின காத்துதானே," என்றேன்.

பாஷாவின் முகம் மாறியது. "டேனரி ஆளுக்கு நான் வீடு விடறதில்ல. டீசன்டான குடும்பம் வரணும்னுதான மாடியே கட்டினேன்."

டு-லெட் போர்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தார். வங்கி, பள்ளி, ஆபீஸ் குடும்பங்களுக்கு மட்டும்.

"அப்போ கீழ் போர்ஷன மொதல்ல காலி பண்ணுங்க," என்றார் சுகரா பேகம். "இங்க ஒரு டேனரி ஆளு ரொம்ப வருஷமா இருக்காரு. பேஜாரு புடிச்ச ஆளு."

பாஷா தகட்டை எடுத்துக்கொண்டார். மாடிக்குப் போய் மிச்சச் சுவரைச் சுரண்டினார். நான் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை, ஷிப்ட் தொடங்கும் முன்பே பாஷா தன் பழைய டேனரியின் வாசலில் போய் நின்று, உள்ளே போகிறவர்களிடமெல்லாம் மாடி காலி என்று சொன்னார். ட்ரம் ஓட்டும் இன்பராஜ், மேஸ்திரியிடம் கொஞ்ச நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு மனைவியோடு வந்தார். அவர் மனைவிக்கும் அங்கேதான் வேலை. நான் போனபோது சுகரா பேகத்தோடு சேர்த்து நால்வரும் மாடிப் படிக்கட்டின் கீழே நின்றிருந்தார்கள்.

"நாத்தம் இருக்குப்பா. அப்புறம் சொல்லலன்னு சொல்லாத," என்றார் பாஷா.

இன்பராஜ் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "எங்க பாய்?"

அவர் மனைவி மேலே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாஷிங் மெஷினுக்கு பிளக் பாயின்ட் இல்லை என்று குறை சொன்னாள். பாஷா எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார். அடுத்து நயீமுக்குப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வருவதானால் புரோக்கர் இல்லாமல் வா என்றார்.