இடது பக்கக் கீறல்கள்

பழைய கார்களை மினுக்கிக் கொடுப்பது என் தொழில். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சின்னக் கராஜ், ஒரு மினுக்கும் மெஷின், மூட்டை மூட்டையாகத் துணி. பழைய கார் வைத்திருந்து, "உந்தக் காரை எப்ப விக்கப்போறியள்?" என்று வீட்டில் பேச்சு வாங்கும் அன்பர்களே, உங்கள் பாடு எனக்குத் தெரியும். உங்களில் ஒருவர்தான் உடுவில் மாஸ்டர். ஓய்வுபெற்ற ஆசிரியர். பச்சை நிற மொரிஸ் மைனர். கனடாவிலிருந்து மகள் வருவதற்குள் கார் பளபளக்காவிட்டால் விற்கச் சொல்லிவிடுவாள் என்று பயந்துபோய் வந்தார்.

பச்சைத் துணி

பழைய பெயின்ற் வெயிலில் கிடந்தால் சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறிவிடும். அந்த வெளிறலைத் தேய்த்து எடுத்தால் அடியில் உண்மையான நிறம் இருக்கும். ஆனால், தேய்க்கிற துணியெல்லாம் பச்சையாகிவிடும். வலது கதவு முடிவதற்குள் மாஸ்டர் கதிரையை விட்டு எழும்பி வந்து துணியை வாங்கிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"நிறம் முழுக்க உம்மடை துணியிலை வந்தா காரிலை என்ன தம்பி மிஞ்சும்?"

பொனற்றில் மூன்று கோடு

காய்ந்த துணியால் புழுதி துடைத்த எந்தக் காரிலும் வெயிலில் சிலந்தி வலைபோல வட்டக் கீறல் தெரியும். மாஸ்டரின் காரில் எஞ்சினை மூடும் பொனற்றிலோ அந்த வட்டங்களுக்கு நடுவே மூன்று நேர்கோடுகள், மூன்று விரல் அகலத்தில். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை, கேட்டேன். வெள்ளிதோறும் பொனற்றில் திருநீறு பூசுவாராம். சனி காலையில் பழைய சாறத் துணியால் அழுத்தித் துடைப்பாராம். புழுதியும் சேர்ந்து அரைத்திருக்கிறது என்றேன். கோபம் வந்துவிட்டது.

"கோயில் திருநீறு கீறுமோ? உப்பிடிக் கதைக்காதையும்!"

வேலி உயரம்

இடது பக்கத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. முன் மட்கார்ட்டிலிருந்து பின்பக்கம் வரை நீளக் கீறல்கள். எல்லாம் புதியவை, எல்லாம் வேலியின் கதியால் கம்பு உரசும் உயரத்தில். வலது பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. எழும்பி, மாஸ்டரின் இடப்பக்கம் நின்று துணியை ஆட்டிப் பார்த்தேன். அவர் திரும்பவேயில்லை.

"மாஸ்டர், இடது கண் தெரியேல்லையோ?" என்று கேட்டேன். ஓம் என்று தலையாட்டினார். உண்மையைச் சொன்னால், கீறலை எடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பாவமாக இருந்தது. ஆனால் பள்ளிக்கூடம் விட்டால் அவருடைய வீட்டுக்குப் போகும் குறுகிய ஒழுங்கையில் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள், பிறகு இந்தப் பக்கம் செய்கிறேன் என்று மெஷினைக் கழற்றினேன். அவரை ஏற்றி, நானே காரை ஓட்டிக்கொண்டுபோய் வீட்டில் விட்டேன். இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"மகள் அறிஞ்சா கார்த் திறப்பை வாங்கிப்போடுவாள் தம்பி, பிறகு ஓடேலாது."

மிச்சப் பக்கம்

மூன்று வாரம் கழித்துக் கார் வந்தது, வலது பக்கம் மினுங்க, இடது பக்கம் வெளிறிப்போய். ஓட்டி வந்தது மகள். மாஸ்டர், கண் ஒப்பரேஷன் செய்தவர்கள் போடும் கறுப்புக் கண்ணாடியோடு பக்கத்தில் இருந்தார். கோபம் ஆறாமல் வருகிறாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம். மகளின் கையைப் பிடித்து இறங்கி, நேரே என்னிடம் வந்தார்.

"கண் டொக்டரும் உம்மைப் போலைதான், ஒரு பக்கத்தைச் செய்துபோட்டு மற்றதுக்குப் பிறகு வாங்கோ எண்டிட்டார்!"

கீறலை எடுக்க மெஷின் இருக்கிறது, அது எப்படி வந்ததென்று கார்க்காரரிடம் கேட்பதற்குத்தான் இன்னும் ஒரு மெஷினும் கண்டுபிடிக்கவில்லை.