காலரக்காவின் கோபம்

அந்தத் தையல் ஆலையில் அவளைக் காலரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைக் காலரை அவள் தைத்தால் இரு முனையும் அச்சில் வார்த்ததுபோல் நிற்கும்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அவளால் படுக்கையை விட்டே எழ முடியாமல் போனது. சோறு மண்ணாக இருந்தது. "எல்லாம் சோம்பேறித்தனம்" என்றான் கணவன். டாக்டரம்மாதான் விளக்கினார்: "மூளையும் ஒரு உறுப்புதாம்மா. அதுக்கும் முடியாமப் போகும். பாதி வேலையை மாத்திரை செய்யும், மீதியை நீங்க செய்யணும். மனசு வரட்டும்னு காத்திருக்காம எழுந்து நடங்க. மனசு பின்னாடியே வரும்."

நடந்தாள். முதலில் வாசல்வரை, பிறகு தெருமுனைவரை. மூன்று மாதத்தில் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். ஆலையில் இந்த விஷயம் தெரிந்தது ஒருத்திக்குத்தான்: பதினோரு வருடச் சிநேகிதி, பட்டன் தைப்பவள்.

இந்த வருடம் சூப்பர்வைசர் இடம் காலியானது. காலரக்காவுக்குத்தான் என்று ஆலையே பேசிக்கொண்டது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "உங்களுக்கு டென்ஷன் ஆகாதாமே? உடம்பைப் பாத்துக்கங்க" என்றார். இடம் பட்டன்காரிக்குப் போனது. சொல்லியிருக்கக்கூடிய வாய் ஒன்றே ஒன்றுதான். 

காலரக்கா நேராக அவள் முன் போய் நின்றாள். "நீதான் சொன்னியா?"

"உன் நல்லதுக்குத்தான்க்கா. மறுபடி நீ படுத்துட்டீன்னா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடி?"

குரல் உயர்ந்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பட்டன்காரி எல்லோர் காதிலும் விழும்படி, ரொம்பப் பரிவாக, "இன்னிக்கு மாத்திரை போட்டியாக்கா?" என்றாள்.

அதோடு காலரக்காவின் பேச்சு யாரிடமும் எடுபடவில்லை. நூல் சரியில்லை என்று அவள் சொன்னாலும் மற்றவர்கள் பார்வை மாறியது. வீட்டில் ஒரு நாள் சிடுசிடுத்தால் கணவனும் "மாத்திரை போட்டியா?" என்றே கேட்டான். கடைசியில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இது என் கோபமா, நோயின் கோபமா?

"மாத்திரையைக் கூட்டிக் குடுங்க" என்று டாக்டரம்மாவிடம் போனாள்.

அவர் முழுக்கதையையும் கேட்டார். "தூங்கறீங்களா? சாப்பிடறீங்களா? வேலைக்குப் போறீங்களா?" மூன்றுக்கும் தலையாட்டினாள். "அப்ப கூட்ட மாட்டேன். முதுகில குத்தினா வலிக்கத்தான் செய்யும். இது நோய் இல்லம்மா, நியாயம்."

மறுநாள் மேனேஜர் அறையில் குரலை உயர்த்தாமல் கேட்டாள். "நாலு வருஷமா மாத்திரை போடறேன் சார். நான் தைச்ச சட்டை ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா?" அவர் பேனாவை மூடித் திறந்தார்.  சூப்பர்வைசர் இடம் மாறவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவளே எல்லோரிடமும் தன் நோயைச் சொல்லிவிட்டாள். இனி அதை விற்க யாருக்கும் வழியில்லை.

ஆறு மாதம் கழித்துப் பட்டன்காரி கண் கலங்கி வந்தாள். "தப்புதான்க்கா. மன்னிச்சிடேன்."

காலரக்கா ஊசியில் நூலைக் கோத்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "மன்னிக்கணும்னு இன்னும் தோணல. தோணினா நானே வந்து சொல்றேன்."

இன்றுவரை போகவில்லை.